விற்பனைமுன் வெள்ளையடிப்பு: காவேரிப்பாக்கத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

விற்கப்போகும் வீட்டைக் குறைந்த செலவில் புதுசு போலக் காட்டும் கலைக்கு விற்பனைமுன் வெள்ளையடிப்பு என்று பெயர். வெள்ளையடிப்பதே அதன் தலையாய உறுப்பு என்பதால் இந்தப் பெயர் வந்தது. தரையைத் தேய்ப்பது, கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவது, விளிம்பு உடைந்த பக்கெட்டைப் பரணில் ஏற்றுவது ஆகியவையும் இதில் அடங்கும். குடியிருப்பதற்காகச் செய்யும் மராமத்து வேறு, இது வேறு. மராமத்தில் ஒழுகும் இடத்தை அடைப்பார்கள்; இதில் ஒழுகிய தடத்தை மறைப்பார்கள். தரகர் வழியாக விற்கும் வீட்டுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. தரகரின் வாயே இரண்டு கோட்டிங் அடித்துவிடும். ‘வீடு விற்பனைக்கு, இடைத்தரகர்கள் அணுக வேண்டாம்’ என்று கேட்டில் எழுதி மாட்டியவர் கமிஷனை மிச்சம் பிடிக்கிறார். அந்த மிச்சத்தில் ஒரு பகுதி சுவருக்குப் போகிறது.

இந்த ஆய்வுக்குக் காவேரிப்பாக்கம் தோதான ஊர். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வாலாஜாபேட்டைக்குக் கிழக்கே இருக்கும் இந்தப் பேரூருக்கு வரலாற்றில் குறைவில்லை. பழைய கல்வெட்டுகளில் இதன் பெயர் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம். 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்று சொல்லப்படும் இதன் ஏரி, தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. 1752 பிப்ரவரியில் ராபர்ட் கிளைவ் இங்கே நடந்த சண்டையில் ராஜா சாகிபையும் பிரெஞ்சுக்காரர்களையும் தோற்கடித்தார். இந்தப் பெருமைகள் ஒரு வீட்டின் விலையில் சதுர அடிக்கு எவ்வளவு சேர்க்கும் என்று கேட்டால், கிளைவ் ஒன்றும் சேர்ப்பதில்லை. ஏரி சேர்க்கும், நிரம்பியிருந்தால்.

எந்த மாதத்தில் அடிப்பது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. சித்திரைக் கட்சியார் சொல்வது: வெயிலில் சுவர் எலும்பு வரை காய்ந்திருக்கும், ஓதம் தெரியாது, அடித்த சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். தைக் கட்சியார் கேட்பது: சுவர் காய்ந்த மாதத்தில் கிணறும் காய்ந்துதானே இருக்கும்? வாங்க வருகிறவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றை எட்டிப் பார்ப்பார். வடகிழக்குப் பருவமழை முடிந்து, ஏரி நிரம்பி, ஊர்க் கிணறுகளில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நிற்பது தையில்தான். அப்போது சுவரின் அடிப்பாகம் ஈரம் குடித்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் போகிக்கு ஊரே வெள்ளையடிக்கிறது; அந்தக் கூட்டத்தில் விற்கப்போகிறவரும் அடித்தால் யாருக்கும் சந்தேகம் வராது. மார்கழியிலும் ஆடியிலும் வீடு பார்க்க ஆள் வராது என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் தைக் கட்சியின் வாதமே வலுவானது.

அடுத்தது பொருள். மலிவு என்ற ஒரே அளவுகோலை வைத்தால் சுண்ணாம்பை விஞ்ச எதுவுமில்லை. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விட்டால் அது கொதித்து நீறும். அதை வடிகட்டிச் சுவரில் அடித்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகும். அடிக்கும்போது ஒன்றும் தெரியாது. காய்ந்த பிறகுதான் வெளுக்கும். இது புரியாமல், “இன்னாபா, ஒண்ணும் எடுக்கலயே” என்று அடிப்பவரை விரட்டி இன்னொரு கை அடிக்கவைத்து, மறுநாள் கண் கூசிப்போய் நிற்கும் வீட்டுக்காரர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. மஞ்சள் சாயலை அடக்கக் கொஞ்சம் நீலம் சேர்ப்பார்கள். நீலம் தூக்கலாகிவிட்டால் வீடு வெளுத்த வேட்டி போல் ஆகிவிடும். உதிராமல் இருக்கக் கஞ்சியோ, கல் உப்போ, வஜ்ஜிரமோ கலப்பார்கள். வாங்க வந்தவர் சுவரில் சாய்ந்துவிட்டு நிமிரும்போது சட்டை முதுகு வெள்ளையாக இருந்தால் அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது.

தோல் வட்டாரத்தில் இந்தப் பொருளுக்கு இரட்டை வாழ்க்கை இருப்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் ஷாப்புக்கு வரும் பச்சைத் தோலை ஊறவைப்பது சுண்ணாம்பில்தான். மயிர் கழன்று வருவதற்காக. வஜ்ஜிரம் காய்ச்சுவது தோல் கழிவிலிருந்து. ஆவாரம் பட்டையோடு தோல் பதத்துக்குப் போகும் கடுக்காய்தான், வெல்லத்தோடு சேர்ந்து பழைய மெத்தை வீடுகளின் சுண்ணாம்புச் சாந்துக்கும் போனது. ஆக, தோலிலிருந்து மயிரை நீக்கும் அதே சரக்கு சுவரிலிருந்து வயதை நீக்குகிறது. தோலில் அந்த நீக்கம் நிரந்தரமானது.

சுண்ணாம்பை இளப்பமாக நினைத்து எமல்ஷனுக்குத் தாவுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். எமல்ஷன் விடாது, உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளும். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் அதன் மேலேயே சிமென்ட் பெயின்ட் அடித்தால், அதைப் பிடித்திருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து அது அப்பளம் அப்பளமாகக் கழன்று விழும். உப்புப் பூத்த சுவரைத் துடைத்துவிட்டு அடிப்பது இன்னொரு பிழை. உப்பு சுவருக்குள் இருக்கிறது. ஈரம் வரும்போதெல்லாம் அது வெளியே வந்து தலைகாட்டும். அட்வான்ஸ் வாங்கிய நாளுக்கும் பத்திரம் பதியும் நாளுக்கும் நடுவே ஒரு மழை பெய்தால் போதும்.

விரிசலுக்கு வருவோம். மயிரிழை விரிசலைப் பட்டி வைத்து மூடலாம். வாசக்கால் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலுக்கு வெள்ளைச் சிமென்டும் காலண்டரும் தவிர மலிவான வைத்தியம் இல்லை. காலண்டர் வைத்தியம் சட்டப் பிரச்சினை ஒன்றைக் கிளப்புகிறது. சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவருக்குப் புலப்படாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு. விரிசல் வெளியே தெரிந்தால் சொல்ல வேண்டியதில்லை. முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தால்? வந்த இடத்தில் சாமி படத்தைத் தூக்கிப் பார்ப்பது சாதாரணக் கவனத்தில் சேருமா, மரியாதைக் குறைவில் சேருமா என்பது வாதத்துக்குரியது. அனுபவப்பட்டவர்கள் படத்தைத் தொடுவதில்லை. அது தொங்கும் உயரத்தைப் பார்க்கிறார்கள். முழங்கால் உயரத்தில் தொங்கும் காலண்டர் தேதி பார்க்க மாட்டியது அல்ல.

தரை, கதவு, கழிவறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரெட் ஆக்சைடு தரைக்குத் தேங்காய் எண்ணெய் பளபளப்பு தரும். அன்று காலையில் தடவினால் வந்தவர் வழுக்கி விழுவார். கழிவறையில் ஆசிட் ஊற்றலாம். அளவு மீறினால் டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்டையும் தின்றுவிடும். மற்றபடி சாம்பிராணி.

தண்ணீர் மட்டும் வெள்ளையடிப்புக்குக் கட்டுப்படாது. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு கலந்து கிணறுகள் கெட்ட கதை வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு வரை பேசப்பட்டது. அதனால் இந்தப் பக்கம் வீடு பார்க்க வருகிறவரின் முதல் கேள்வி எத்தனை ரூம் என்பது அல்ல, “நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?” என்பது. விற்பவர் பளபளக்கும் டம்ளரில் தண்ணீர் கொடுப்பார். கூட வந்திருக்கும் பெரியம்மா அதை வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் அடுப்படிக்குள் போவார். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவம் எவ்வளவு கனத்துக்கு ஏறியிருக்கிறது, குழாய் மூக்கில் உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்ப்பார். துவரம்பருப்பு எத்தனை விசிலில் வேகிறது என்று பேச்சுவாக்கில் கேட்பார். பாத்திரம், பக்கெட், குழாய் மூன்றும் ஒருசேரப் புதிதாக இருக்கும் வீட்டில் அவர் கேள்வியே கேட்பதில்லை. மகனைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

இதிலிருந்து இந்தத் துறையின் நுட்பமான கோட்பாடு பிறக்கிறது. எல்லாம் புதிதாக இருப்பதே பெரிய குறை. ஆகவே தேர்ந்த விற்பனையாளர் ஒரு குறையை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார். இதைப் பேரக்குறை எனலாம். அது கண்ணில் படும்படி இருக்க வேண்டும், சரிசெய்யச் சில ஆயிரங்களுக்கு மேல் ஆகக் கூடாது, பார்த்தவர் தானே கண்டுபிடித்ததாகப் பெருமைப்படும் இடத்தில் இருக்க வேண்டும். கீழ்க்கட்டை மக்கிய பின்பக்கக் கதவு மிகச் சிறந்தது. ஒழுகும் குழாய் ஆகாது. அது தண்ணீர்ப் பேச்சை மறுபடி கிளப்பும். வாங்குபவர் கதவைச் சுட்டிக்காட்டி விலையைக் குறைப்பார், விற்பவர் முகத்தைத் தொங்கப்போடுவார், இருவரும் வென்றதாக நினைத்து வீட்டுக்குப் போவார்கள். பேரக்குறையே இல்லாத வீட்டில் வந்தவர் வேறு குறை தேட ஆரம்பிப்பார். தேடினால் கிடைக்கும்.

வெள்ளையடிக்க முடியாத இன்னொன்று பத்திரம். வீடு இருந்த இடத்திலேயே இருக்க, அது இருக்கும் மாவட்டம் மட்டும் வடஆற்காடு, 1989க்குப் பின் வடஆற்காடு அம்பேத்கர், பிறகு வேலூர், 2019 நவம்பர் முதல் ராணிப்பேட்டை என்று நாலு பெயர் மாறியிருக்கிறது. தாய்ப் பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வரை இந்தப் பெயர்கள் கலந்து கிடக்கும். அது போகட்டும், அதற்குப் பதில் சொல்லிவிடலாம். பூர்வீக வீட்டில் தங்கைகளின் கையெழுத்து இல்லாமல் இருப்பதற்குப் பதில் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 1989லேயே பெண்களுக்குச் சம பங்கு சட்டமாகிவிட்டது. சுவருக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்து, தங்கைகள் வீட்டுக்குத் தட்டு வரிசையோடு போய் வருவதே சிக்கனமான அழகுபடுத்தல் என்பது இந்த ஆய்வின் கருத்து.

கடைசியாக, எதிர்வீட்டுக்காரர். தரகர் இல்லாத விற்பனையில் தகவல் சொல்லும் வேலை தானாகவே இவரிடம் வந்துவிடுகிறது. வந்தவர் வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, செருப்பை மாட்டியபடி பேச்சுக் கொடுப்பார்.

“இன்னாங்க, இப்பதான் வெள்ள அடிச்சாங்களா?”

“அதுவா? போன வாரம் வரிக்கும் பச்சையா இருந்துச்சுங்க.”

2021 நவம்பரில் பாலாறு பெருகிய மழையில் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது, செப்டிக் டேங்க் எந்த வருஷம் பொங்கியது, மாடியில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வெள்ளையடிக்கும் முன்பே அவருக்கு ஒரு வார்த்தை சொல்லி, வாங்க ஆசையிருக்கிறதா என்று கேட்டுவிடுவது மரபு. கேட்காவிட்டால் அவர் சொல்லும் குறைகளின் பட்டியல் நீளும். ஒருவேளை அவரே வாங்க நினைத்தால் அவருக்காக வெள்ளையடிப்பது வீண். முப்பது வருஷமாக அவர் பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் சுவரைத்தான்.

விலை படிந்தால் மீதி வேலை சார்பதிவாளர் அலுவலகத்தில். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. 2023 ஏப்ரலில் 4இலிருந்து குறைந்த பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. இத்தனையும் கட்டிக் கை காய்ந்த பிறகும், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தவுடன் வாங்கியவர் முதலில் போகும் இடம் பெயின்ட் கடைதான். தை மாதத்து வெள்ளையைச் சுரண்டி எடுத்து, பட்டி பார்த்து, மகள் கைகாட்டிய நிறத்தை அடிப்பார்கள். சுரண்டுகிற கூலி, விற்றவர் அடித்த கூலியைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே வரும்.