அப்போலோவில் அட்மிட் ஆகவில்லை, அம்மா

புக்கிட் தெங்கா,
மே 12

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் அழுகையை நிறுத்து. "சனிக்கிழமை ராத்திரி பூரா அப்போலோதான்" என்று நான் சொன்னதும் போன் கட்டாகிவிட்டது. அதற்குள் நீ வேளாங்கண்ணிக்கு மெழுகுவர்த்தி நேர்ந்து, மாமா ஏஜெண்டைப் பிடித்து, ஏஜெண்டு ஃபேக்டரியைப் பிடித்து, திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் என்னைப் பார்த்ததும் "என்ன ஆபரேஷன்?" என்று கேட்டார். ஆபரேஷனும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. இந்த ஊரில் அப்போலோ என்றால் தூண்டில்.

அப்பாவுக்குப் படித்துக் காட்டு. தடைக்காலம்தானே, 61 நாளும் வலையைப் பிடித்துக்கொண்டு திண்ணையில்தான் இருப்பார். நாம் தங்கூசி என்பதை இங்கே தங்சி என்கிறார்கள். ஒரு தங்சியில் வரிசையாக ஆறு கிளை, கிளைக்கு ஒரு முள், அடியில் ஈயக்குண்டு. முள்ளில் இரை கிடையாது. மினுமினு தாளும் ஒரு மணியும்தான், கல்யாண வீட்டுச் சின்னப் பெண் ஜடை மாதிரி. அதைப் பார்த்து மீன் ஏமாறுமாம். எந்த மீன் என்றால், நம்ம கானாங்கெளுத்தி! இங்கே பொதுவாகக் கெம்போங், பினாங்குப் பக்கம் தெமெனோங். அதிலும் கெம்போங் ஆண், கெம்போங் பெண் என்று ரெண்டு. ஆணும் பெண்ணும் என்று நினைக்காதே, ரெண்டும் வேற வேற சாதி மீன். கல்யாணமே நடக்காது.

இங்கே தூண்டில் பைத்தியங்களுக்கு "காக்கி பாஞ்சிங்" என்று பேர். காக்கி என்றால் கால், போலீஸ் இல்லை. கூட வேலை பார்க்கிற அண்ணன் ஒருத்தர் அப்படிப்பட்ட காக்கி. ஆளுக்கு 120 ரிங்கிட் கொடுத்து, புக்கிட் தம்பூன் ஜெட்டியில் படகேறி, பினாங்கின் ரெண்டாவது பாலத்துக்கு அடியில் நுழைந்து கெண்டித் தீவுப் பக்கம் போனோம். 24 கிலோமீட்டர் பாலம். அதன் விளக்கு வரிசை முடிவதற்குள் எனக்கு வாந்தி ஆரம்பித்துவிட்டது. அக்கரைப்பேட்டைப் படகுக்காரர் மகன் காசு கொடுத்துக் கடலுக்குப் போய் வாந்தி எடுத்தான் என்பதை மட்டும் அப்பாவுக்குப் படிக்காதே.

தேக்கோங் (அதான் நம்ம ஸ்ராங்கு) லைட்டைப் போட்டார். வெளிச்சத்துக்குப் பொடிப்பூச்சி, பூச்சிக்குத் தெமெனோங். அப்போலோவை இறக்கி மெல்ல ஏற்றி இறக்கணும். ஒன்று கடித்ததும் சுருட்டக் கூடாது. அது துடிக்கிற துடிப்பைப் பார்த்து மற்றதும் வரும், ஆறும் நிறையட்டும் என்றார் அண்ணன். நிறைந்தது. ஒரு முள்ளில் மீன், ஒன்று என் சட்டைக் கையில், ஒன்று அண்ணன் தொப்பியில், ரெண்டு ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. ஆறாவது எங்கே என்று உட்காரும்போதுதான் தெரிந்தது. விடிய விடிய அவிழ்த்தேன். அதைத்தான் "ராத்திரி பூரா அப்போலோ" என்றேன்.

அண்ணன் ஒரு மீனின் வாயைத் திறந்து டார்ச் அடித்தார். உள்ளே செவுளில் சீப்பு சீப்பாகப் பல். வாயைத் திறந்தபடியே நீந்தி, தண்ணீரை வடிகட்டித் தின்னுமாம். எத்தனை ஆயிரம் மீன் ஆய்ந்திருப்பாய், நீ பார்த்திருக்கிறாயா? இதன் அறிவியல் பேர் "ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்தா". விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றி 1803-ல் புத்தகம் போட்ட ரஸ்ஸல் என்கிற வெள்ளைக்கார டாக்டர் அங்கே காதில் விழுந்த பேரை எழுதிவைக்க, 1816-ல் பிரான்சில் கூவியே அதையே உலகத்துக்கும் வைத்துவிட்டாராம். கனகுர்தா, கானாங்கெளுத்தி! இதைக் கேட்டதும் நான் என்னமோ அந்த மீனுக்குத் தாய்மாமன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆறாவது முள் ஞாபகப்படுத்தியது.

பிறகு உயிரோடு ஒரு தெமெனோங்கைக் கம்பித் தூண்டிலில் மாட்டி, பலூன் கட்டி மிதக்க விட்டோம், வஞ்சிரத்துக்கு. பலூன் ஒரு முழுக்குப் போட்டு எழுந்தது. இழுத்தால் தலை மட்டும் வந்தது. உன் அருவாமனையில் அறுத்த மாதிரி. அப்பா கேட்டால் "வாலில் ரெண்டாவது முள் மாட்டலையா?" என்பார். மாட்டலை.

மொத்தம் ஒன்பது மீன். ஒன்று 250 ரூபாய்க்கு மேல் விழுகிறது. மாசத்தில் கிடைக்கிற ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றும் போச்சு.

விடிகாலை ஜெட்டியில் இறங்கினோம். அவரவர் ஐஸ் பெட்டியை அவரவர் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஏலம் இல்லை, சத்தம் இல்லை, கூடையோடு யாரும் நிற்கவில்லை. இறங்கினதும் நான் ஏன் சும்மா நின்றேன் என்று அண்ணன் கேட்டார். தூக்கம் என்றேன்.

ரூமில் நேபாளப் பையனுக்கும் வங்காளதேசத்துக்காரருக்கும் கொடுத்தது போக நாலு மீன் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. மாங்காய் கிடைத்துவிட்டது, மண்சட்டி இல்லை. புளித்தண்ணி முதலிலா, மாங்காய் முதலிலா? இன்று ராத்திரி பத்து மணிக்குள் போன் பண்ணு. உனக்கு ஏழரை. அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

உன் மகன்