பச்சைப் பேனாக்காரர்கள்

பிளஸ் டூ முடித்த கையோடு ஆடிட்டர் ஆகக் கிளம்புகிறவருக்கு இந்தியாவில் கல்லூரி கட்டாயமில்லை. பவுண்டேஷன், இன்டர், ஃபைனல் என்று மூன்று படிகள். இன்டருக்கும் ஃபைனலுக்கும் நடுவே ஆர்ட்டிக்கிள்ஷிப், அதாவது தொழில் நடத்தும் சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) ஒருவரிடம் சேர்ந்து வேலை பழகுவது. மூன்றாண்டாக இருந்த இந்தக் காலம் 2023இல் இரண்டாண்டாகக் குறைந்தது. எல்லாவற்றையும் நடத்துவது, 1949 ஜூலை 1 அன்று தோன்றிய இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனமான ஐ.சி.ஏ.ஐ.

பவுண்டேஷனில் நான்கு தாள்கள். ஒவ்வொன்றிலும் 40 வேண்டும், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். நான்கிலும் நாற்பது நாற்பதாக வாங்கியவர் ஒரு தாளிலும் தோற்காமல் தேர்வில் தோற்றவர் ஆகிறார். கணிதத்திலும் பொருளாதாரத்திலும் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். வருமானம் கைக்கு வருமுன்பே வரியாகக் கழியும் டி.டி.எஸ். பிடித்தம் எப்படி வலிக்கும் என்பது மாணவருக்கு இங்கேயே பழகிவிடுகிறது.

இன்டரில் இரண்டு குரூப்பும் கிளியர் ஆனதும் பிரின்சிபலை, அதாவது பயிற்சி தரும் சி.ஏ.வைத் தேடும் படலம். கிடைத்தால் ஒப்பந்தப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பழைய இங்கிலாந்தில் பையனைச் சேர்த்துக்கொள்ள அவன் அப்பா ஆடிட்டருக்குப் பணம் கட்டினார். இன்று ஆடிட்டர் பையனுக்கு ஸ்டைபெண்ட் தருகிறார். பணம் போகும் திசை மாறியது உண்மை. தொகையைப் பார்க்கும் பிள்ளைகள் அதைப் பெரிய மாற்றமாக ஒப்புக்கொள்வதில்லை. குறைந்தபட்ச ஸ்டைபெண்ட் ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது: 20 லட்சமும் அதற்கு மேலும் ஒரு தொகை, 4 முதல் 20 லட்சம் வரை ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று. குடும்பக் கட்டுப்பாட்டால் சம்பளம் அடிபடக்கூடிய தொழில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

வேலை நேரம் வாரம் 35 மணி என்பது விதி. வரித் தணிக்கை அறிக்கைக்குக் கெடு வழக்கமாகச் செப்டம்பர் 30. அந்தக் கடைசி வாரத்தில் 35 மணி நேரம் புதன்கிழமையே தீர்ந்துவிடும். வியாழன் இரவு பதினோரு மணிக்குப் பரோட்டா பார்சல் வரும். கெடுவை நீட்டிப்பார்களா என்று வாட்ஸாப்பில் வதந்தி வரும். நீட்டினால் ஆர்ட்டிக்கிளாக இருக்கும் மாணவருக்கு மகிழ்ச்சி இல்லை. அதே வாரம் மறுபடி வரப்போகிறது என்றுதான் அதற்குப் பொருள்.

வேலையில் முதலில் கைக்கு வருவது வவுச்சிங். ஒவ்வொரு செலவுச் சீட்டையும் லெட்ஜரோடு ஒப்பிட்டுப் பச்சைப் பேனாவால் டிக் அடிக்க வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். அதனால் சில கம்பெனிகளில் ஏற்றுக்கூலி திங்கள் 9,900, செவ்வாய் 9,850, புதன் 9,950 என்று அடக்கமாகவே ஓடும். மூன்று சீட்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா. ஐம்பத்தைந்து வயது அக்கவுண்டன்ட், "தம்பி, பத்து வருஷமா இப்படித்தான் போட்டுட்டு வர்றோம்" என்பார். பத்தொன்பது வயதுப் பையன், "பில் இருக்கா சார்?" என்பான். அந்த அறையில் எல்லாரையும்விடக் குறைந்த ஊதியம் அவனுக்குத்தான். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் மட்டும் எல்லாருக்கும். ஆர்ட்டிக்கிள்ஷிப்பின் சாரமே இந்தத் தலைகீழ் மரியாதைதான். அதைப் பழகுவதற்கு இரண்டு வருடம் கொஞ்சம் குறைச்சல் என்றுகூடத் தோன்றுகிறது.

இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பழகுவது தமிழருக்குப் புதிதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்ந்தான். அவனுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது. கணக்கு உதைத்தால் மேலாளின் பார்வை போதும்.

மார்ச் 31 அன்று ஸ்டாக் எடுக்கப் போக வேண்டும். திருப்பூரில் பனியன் பண்டல், ஈரோட்டில் மஞ்சள் மூட்டை. மேலே அடுக்கிய மூட்டைகளை எண்ணிவிடலாம். நடுவில் இருப்பவை மூட்டையா வெற்றிடமா என்பதற்கு ஏறித்தான் பார்க்க வேண்டும். வெள்ளைச் சட்டையில் போனவர் மஞ்சளாகத் திரும்புவார். ஏப்ரலில் வங்கிக் கிளைத் தணிக்கை. அங்கே ஃபேன் உண்டு, பஜ்ஜி உண்டு. பஜ்ஜி வரும் நேரத்துக்கும் வாராக்கடன் ஃபைலைக் கேட்கும் நேரத்துக்கும் உள்ள நெருக்கம் தற்செயல் என்றே மேலாளர்கள் சொல்கிறார்கள்.

பெரிய ஆடிட் நிறுவனத்தில் சேர்ந்தவர் நிலையான சொத்துப் பட்டியல் ஒன்றையே மாதக்கணக்கில் பார்ப்பார். சின்ன ஆபீசில் சேர்ந்தவர் ஜி.எஸ்.டி. தாக்கல் முதல் பிரிண்டர் டோனர் வரை எல்லாம் பார்ப்பார். சம்பளத்துக்கு முதலாவது நல்லது, தொழிலுக்கு இரண்டாவது.

பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து ஃபைனல் எழுதலாம். தேறி உறுப்பினரானால் பெயருக்கு முன்னால் சி.ஏ. ஃபைனல் தேறாவிட்டாலும், இன்டரும் பயிற்சியும் முடித்தவர்களுக்கென்று 2023இல் வந்த புதிய திட்டம் இன்னொரு சான்றிதழ் வைத்திருக்கிறது: பிசினஸ் அக்கவுண்டிங் அசோசியேட். அந்தப் பெயரில் செய்ய வேண்டிய வேலை எதுவும் அவருக்குப் புதிதில்லை. இதுவரை ஸ்டைபெண்டுக்குச் செய்தார், இனிமேல் சம்பளத்துக்குச் செய்வார்.