குதிரையேறும் அழகரின் பட்டு நிறம்: பொம்மையியல் நோக்கில் ஓர் ஆய்வு

நெப்போலியன் காலத்துக் குதிரைவீரர் பொம்மைகளுக்கு வண்ணம் பூசும் ஐரோப்பியர்கள், ஒரு காலர் பட்டையின் நிறத்துக்காக ஆயுள் முழுக்கச் சண்டை போடத் தயங்காதவர்கள். பிரெஞ்சு டிராகூன்களுக்குப் பச்சைக் கோட்டு. ஹுஸார்களுக்கோ ரெஜிமென்டுக்கு ஒரு நிறம். அவர்களுக்காவது புரட்டிப் பார்க்க ராணுவச் சீருடை விதிகள் இருக்கின்றன. விளாச்சேரியில் வாங்கிய கள்ளழகர் கொலுப் பொம்மையின் சாயம் வெளிறிப்போய், மறுவண்ணம் பூச உட்காரும் மதுரைச் செல்லூர்க்காரர் எதைப் புரட்டுவார்? அறிவுலகம் இதுகாறும் கண்டுகொள்ளாத இந்தச் சிக்கலை இக்கட்டுரை கையிலெடுக்கிறது.

முதலில் ஓர் அடிப்படைப் பிழையைக் களைய வேண்டும். அழகர்மலையிலிருந்து கிளம்பும்போது பெருமாள் கள்ளர் கோலத்தில் இருக்கிறார்: கொண்டை, கடுக்கன், கண்டாங்கிப் பட்டு, கையில் நேரிக்கம்பு. அப்போது வாகனம் பல்லக்கு. மூன்றுமாவடி எதிர்சேவை முடிந்து, தல்லாகுளத்தில் கோலம் மாறி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் மாலையைச் சூடிய பிறகே தங்கக் குதிரை. ஆகவே கண்டாங்கி கட்டிய அழகரைக் குதிரைமேல் ஏற்றுவது, ஹுஸார் தலையில் டிராகூன் தொப்பியைக் கவிழ்ப்பதற்குச் சமம். இந்தக் குற்றத்தைச் செய்த பொம்மைகள் இரண்டு எங்கள் தெருவிலேயே கொலுவிருக்கின்றன. நாகரிகம் கருதி வீட்டு எண்களைத் தவிர்க்கிறேன்.

இனி, சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கும்போது அழகர் உடுத்தும் பட்டு. அதை எடுக்கப் பெட்டிக்குள் கைவிட்டால் அகப்படுவது எந்த நிறமோ, அதுவே அந்த ஆண்டின் பலன் என்பது மதுரையின் நம்பிக்கை. பச்சை என்றால் விளைச்சல், சிவப்பு என்றால் நாட்டில் அமைதி கெடும், மஞ்சள் என்றால் மங்கலம். 2022 முதல் 2025 வரை நான்கு சித்திரையிலும் பச்சைப் பட்டு. 2020, 2021இல் கொரோனாவால் அழகர் ஆற்றுக்கே வரவில்லை. அவ்விரு ஆண்டுகளைப் பொம்மையாக்க விரும்புவோர் குதிரையை மட்டும் வாங்கினால் போதும்.

அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு வாய்மொழித் தரவை நாடினேன். செல்லூர்த் தறிக்கூடங்களில் நிறம் பற்றிப் பேச ஆள் பஞ்சமில்லை. கிடைத்த தரவோ விபரீதமானது. கண்மாய் நிறைந்த வருஷமா? “பச்சைதான், நான்தான் பார்த்தேனே.” குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய வருஷமா? “சிவப்பு, சந்தேகமே இல்ல.” ஒரே ஆண்டைப் பற்றி, போர்வெல் வைத்திருந்தவர் பச்சை என்றும் பக்கத்து வீட்டுக்காரர் சிவப்பு என்றும் அடித்துச் சொன்னார்கள். பட்டைப் பார்த்து மழையைக் கணிப்பதாக ஊர் சொல்கிறது. உண்மையில் மழையைப் பார்த்துத்தான் பட்டுக்குச் சாயம் ஏற்றுகிறது என்பதே இவ்வாய்வின் மையக் கருதுகோள்.

கண்ணால் கண்ட சாட்சி என்று ஒதுங்கவும் வழியில்லை. அழகர் இறங்குவது விடியும் வேளையில். அரைவெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்குச் சிவப்பு முதலில் இருண்டுபோகும், பச்சையும் நீலமும் தூக்கலாகத் தெரியும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே செக் அறிஞர் புர்கின்யே கண்டு சொல்லிவிட்டார். சோடியம் விளக்குக் காலத்தில் எல்லாமே பழுப்பு. பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமில் சிவப்பு கறுப்பாகத்தான் பதியும். போதாததற்குப் பக்தர்கள் பீய்ச்சும் துருத்தி நீர் வேறு. ஆழ்வார்புரம் கரையில் நனைந்துகொண்டே, முன்னால் நிற்பவர் தோளில் இருக்கும் குழந்தையின் இடுக்கு வழியாகப் பார்த்த சாட்சியை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

சரி, பச்சை என்றே வைத்துக்கொள்வோம். எந்தப் பச்சை? கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, இலைப்பச்சையா, ராமர் பச்சையா? மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமிக்குப் பட்டுக்கடையில் தனியாக ஒரு நீலமே உண்டு. வருஷா வருஷம் லட்சக்கணக்கான பேர் முன்னால் பட்டுடுத்தி நிற்கும் அழகருக்கென்று ஒரு பச்சை இல்லை. நெசவாளர் சமூகம் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பழைய துணியை வைத்து ஒப்பிடலாம் என்றால், இயற்கைச் சாயத்தில் பச்சை என்பது அவுரி நீலத்தின்மேல் ஏற்றிய மஞ்சள். வெயிலில் மஞ்சள் முதலில் ஓடிவிட, மிச்சம் நீலம். தன் காவற்படையின் பச்சைக் கோட்டையே பெரும்பாலும் அணிந்த நெப்போலியனும் இந்த விஷயத்தில் நமக்கு உதவ மாட்டார்.

முட்டுச்சந்தில் நின்ற ஆய்வை ஒரு பொம்மைக்காரர்தான் முடித்துவைத்தார். “சார், செவப்பு அடிச்சா எவன் வாங்குவான்? வீட்டுக்கு ஆகாதுன்னு வச்சுட்டுப் போயிருவாங்க.” இதைவிட வலுவான சான்று இதுவரை கிடைக்கவில்லை. பச்சையே பூசுக.

எஞ்சியிருப்பது குதிரையின் காலடியில் ஓடும் ஆறு. கொலு செட்டுகளில் அதற்கு நீலம் பூசுகிறார்கள். திருவிழாவுக்கு வைகை அணையிலிருந்து திறந்துவிடும் நீர் கலங்கலாக வரும். மற்ற நாட்களில் செல்லூர்ப் பக்கம் கரைக்குக் கரை ஆகாயத்தாமரை. ஆகவே ஆற்றுக்கு நீலம் வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். பட்டுக்குக் குழைத்த பச்சையில் மிச்சம் இருக்கும்.