கான்சாகிபு விட்டுச் சென்ற குப்பி

சமயநல்லூர் வட்டாரத்தில் பழைய உலோகத்துக்குக் கொஞ்சம் திமிர் அதிகம். அதற்குக் காரணமும் இருக்கிறது. பக்கத்துத் தேனூரில் ஒரு மரம் சாய்ந்தபோது அடியிலிருந்து தங்கக் கட்டிகள் வெளிவந்தன. அவற்றில் தமிழி எழுத்தில் 'கோதை' என்று பெயர் வேறு பொறித்திருந்தது. எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டி வாங்கும் நம் வழக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வயது என்று அன்றுதான் தெரிந்தது. அதிலிருந்து இந்தப் பக்கம் கடப்பாரை எதில் இடித்து 'டங்' என்றாலும், அந்தச் சத்தத்துக்கு ஒரு ராஜா தேவைப்படுகிறார்.

நான் போன பழைய சாமான் கடையில் ராஜா தயாராக இருந்தார்.

"அண்ணே, இது யாரு இடுப்புல தொங்குனது தெரியுமா?" என்று கடைக்காரர் துணியை விலக்கினார். பேரிக்காய் வடிவில் ஒரு பித்தளைக் குப்பி. இரு பக்கமும் தலைகீழாகத் தொங்கும் பறவைகள் புடைப்பாக இருந்தன. கழுத்தில் சிறு குழாய், பக்கத்தில் ஒரு நெம்புகோல்.

"யாரு?"

"கான்சாகிபு. மருதநாயகம். வெள்ளக்காரய்ங்க பிடிக்க வந்தப்ப கழட்டி எறிஞ்சது. பதினெட்டாயிரம். உங்களுக்குன்னா பதினஞ்சு."

குப்பியின் வயிற்றில் ஆங்கிலத்தில் ஏதோ பொறித்திருந்தது. கோதை தன் பெயரைத் தானே எழுதிவைத்தாள். கான்சாகிபு எழுதாமல் போன இடத்தில் 'டிக்சன் அண்ட் சன்ஸ், ஷெஃபீல்டு' என்று வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள்.

அது வெடிமருந்துக் குப்பிதான், அதில் சந்தேகமில்லை. சளிக்கும் சண்டைக்கும் தமிழில் ஒரே சொல், மருந்து. இந்த மருந்துக்கு நூறு பங்கில் 75 வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். கரிக்கு நம் பக்கம் எருக்கங்கட்டையே போதும். வாய்வழியாக மருந்து போடும் பழைய துப்பாக்கிக்கு இந்தப் பொடியை ஒவ்வொரு தடவையும் அளந்து ஊற்ற வேண்டும். குறைந்தால் குருவி சிரிக்கும், கூடினால் குழாய் வெடித்துச் சுடுகிறவர் சிவலோகம் போவார். அதற்குத்தான் இந்தக் குப்பி. குழாய் வாயை விரலால் மூடி, தலைகீழாகச் சாய்த்து, நெம்புகோலை அழுத்தினால் குழாய் நிரம்பும். விட்டால் உள்ளே ஒரு தகடு 'டக்' என்று மூடும். குழாயில் நிற்பது சரியாக ஒரு வேட்டுக்கான அளவு. ரேஷன் கடைக்காரர்கூட இவ்வளவு கறாராக அளக்க மாட்டார். இரும்பில் செய்தால் உரசித் தீப்பொறி வரும் என்பதால் செம்பிலும் பித்தளையிலும் செய்தார்கள்.

எல்லாம் சரி. கான்சாகிபு எங்கே வந்தார்?

அவர் கதை அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டன்ட் ஆனார். பிறகு மதுரைச் சீமையைக் குத்தகைக்கு எடுத்தார். பாளையக்காரர்களை அடக்கினார், வரியை வசூலித்தார், ஊரை ஒழுங்காக நடத்தினார். இதில் கடைசிக் காரியத்தைத்தான் மேலே இருந்தவர்களால் மன்னிக்க முடியவில்லை. ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்குக் கடன் கொடுக்காதவர்களை எண்ண ஒரு கை போதும். நன்றாக நிர்வாகம் செய்யும் ஒருவன் தன் கீழே இருப்பது அவருக்கு அஜீரணத்தைத் தந்தது. கம்பெனியும் தலையாட்டியது. கான்சாகிபு மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிவிட்டு, "வாங்கய்யா, பார்ப்போம்" என்றார்.

வந்தார்கள். 1763-இல் வந்து, முடியாமல் திரும்பினார்கள். 1764-இல் பெரும் படையோடு மறுபடி வந்து, அப்போதும் மதிலை உடைத்து உள்ளே போக முடியவில்லை. இத்தனை பீரங்கியால் ஆகாததைக் கூடவே சாப்பிட்ட ஆட்கள் சாதித்தார்கள். தொழுகையில் இருந்தவரைத் தலைப்பாகைத் துணியாலேயே கட்டினார்கள் என்பது மதுரை சொல்லும் கதை. 1764 அக்டோபர் 15-ஆம் தேதி தூக்கில் போட்டார்கள். கயிறு அறுந்தது, மறுபடி போட்டார்கள், மறுபடி அறுந்தது என்றும் சொல்வார்கள். கம்பெனி கயிறு வாங்கிய டெண்டரில் ஏதோ நடந்திருக்கிறது. பிறகும் பயம் விடாமல் உடலைப் பல துண்டாக்கி ஊர் ஊராக அனுப்பினார்களாம். அந்தக் கணக்கில் கான்சாகிபுவை வைத்துப் பழம்பொருள் வியாபாரத்தைத் தொடங்கியதே கம்பெனிதான். நம் கடைக்காரர் ரொம்பப் பின்னால் வந்தவர்.

அவருக்கு மதுரையில் சம்மட்டிபுரத்தில் ஒரு தர்கா, கான்சாமேட்டுத் தெரு என்று ஒரு தெரு. 1997-இல் எலிசபெத் ராணியே சென்னை வந்து அவரைப் பற்றிய சினிமாப் படத்தின் தொடக்க விழாவில் கலந்துகொண்டார். தூக்கில் போட்ட தேசம் 233 வருடம் கழித்துப் பூசைக்கு வந்தது. படம்தான் இன்னும் வரவில்லை.

இவ்வளவு பெரிய ஆளிடம் இந்தக் குப்பி இருந்திருக்க முடியாது. டிக்சன் கம்பெனி ஷெஃபீல்டில் தொடங்கியதே 1806-இல். கான்சாகிபு போய் 42 வருடம் கழித்து. மேலும் கம்பெனிச் சிப்பாய் குப்பியே வைத்துக்கொள்ளவில்லை. குண்டும் மருந்தும் சேர்த்துக் காகிதத்தில் சுருட்டிய தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்துப் போட்டான். அந்தக் கடியில் கொழுப்புச் சிக்கல் வந்து 1857-இல் பேரரசே ஆடியது வேறு கதை. பாளையக்காரர் ஆட்கள் திரித் துப்பாக்கியோடு திரிந்தவர்கள். அவர்களுக்கு மாட்டுக் கொம்போ சுரைக்குடுக்கையோ போதும். அந்த ஆயுதங்களையும் 1801 டிசம்பரில் மதராஸ் கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் போட்டுப் பிடுங்கிக்கொண்டார்.

இந்தச் செம்புக் குப்பிகள் பெரும்பாலும் போருக்கானவை அல்ல, பொழுதுபோக்குக்கானவை. அவை பெருகிய கதையில் ஒரு பாதிரியார் வருகிறார். ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபார்சைத் என்பவர் பைபிளும் துப்பாக்கியுமாக வாழ்ந்தார். பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் வெளியே 'பளிச்', அப்புறம்தான் உள்ளே 'டமால்'. அந்தப் பளிச்சைப் பார்த்ததும் வாத்துகள் பறந்துவிடும். வாத்து தன்னை ஏமாற்றுவதைப் பொறுக்காத பாதிரியார், தட்டியதும் வெடிக்கும் முறையைக் கண்டுபிடித்து 1807-இல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து பிரபுக்களின் வேட்டைப் பித்து ஏறியது, டிக்சனும் ஹாக்ஸ்லியும் குப்பிகளாக அடித்துத் தள்ளினார்கள். நம் ஊருக்கு அவை துரைமார் இடுப்பில் வந்தன. எதிரி திப்புவும் இல்லை, கட்டபொம்மனும் இல்லை. கண்மாய்ச் சேற்றில் மேயும் உள்ளான் குருவி.

ஆகவே துரையின் குப்பியாகவாவது இருக்குமா என்று கையில் வாங்கிப் பார்த்தேன். உண்மையான குப்பி மெல்லிய செம்புத் தகட்டை அச்சில் அடித்து, இரண்டு பாதிகளைப் பற்றவைத்துச் செய்தது. கனமே தெரியாது. இணைப்பைத் தேடினால்தான் கிடைக்கும். பறவையின் இறகை எண்ணலாம். இது அம்மிக்குழவி போல் கனத்தது. வார்ப்பில் ஊற்றியது என்பதற்கு உடம்பெல்லாம் பொடிப்பொடி ஓட்டைகள். இணைப்பில் ஈயம் இட்லி மாவு போல வழிந்திருந்தது. பறவை கௌதாரியா கோழியா என்று அதற்கே தெரியாது. அசல் குழாயில் அளவுகள் எண்ணாக வெட்டியிருக்கும். இதில் ஒன்றும் இல்லை. நெம்புகோலை அழுத்தினேன். அமுங்கியது, திரும்பி வரவில்லை. இதை நம்பி வேட்டைக்குப் போனால் மருந்து பூராம் வேட்டிக்குள் கொட்டியிருக்கும்.

கடைசியாகக் கழுத்தைத் திருப்பினேன். நான்கு ஸ்க்ரூ. நான்கும் பிளஸ் ஸ்க்ரூ.

"அண்ணே, இந்த ஸ்க்ரூவுக்கு அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்குனதே 1936-லதான்."

கடைக்காரர் அசரவில்லை. "கான்சாகிபு காலத்துலயே நம்மாளுக கண்டுபிடிச்சிருக்காய்ங்க பாருங்க!"

முராதாபாத் பித்தளைக்காரர்கள் இதை அலங்காரப் பொருளாகத்தான் செய்து அனுப்புகிறார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை; பொய் வழியில் ஏறிக்கொள்கிறது. அசல் டிக்சன் குப்பியே, சாதாரண ரகமென்றால், இங்கிலாந்து ஏலத்தில் நூறு பவுண்டுக்கு முன்பின் போகும். நசுங்கல், விரிந்த இணைப்பு, மாற்றிய கழுத்து இருந்தால் விலை இறங்கும். தயாரித்தபோது பூசிய பழுப்பு வார்னிஷ் இன்னும் ஒட்டியிருந்தால் ஏறும். அதனால் துலக்கவே கூடாது. ஆயுத பூசைக்கு முந்தின நாள் வீட்டுக்குள் நுழைந்த எந்தக் குப்பியும் மதுரைப் பக்கம் அந்த வார்னிஷோடு பிழைத்திருக்காது. இருநூறு வருடக் கறையைப் பத்து நிமிடத்தில் எடுக்கப் புளி இருக்கிறது.

சட்டமும் வேடிக்கையானது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வயது ஆனால்தான் பொதுவாக ஒன்று தொல்பொருள். ஆனபின் அதை விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. ஆகவே வாங்க வருகிறவரிடம் பொருளுக்கு 260 வயது. போலீஸ்காரர் வந்தால் அது போன மாதம் பிறந்தது. கடைக்காரர் இரண்டாவதாகச் சொல்வதுதான் உண்மை என்பது அவருக்கே தெரியும்.

பேரம் பித்தளை எடைக்கு வந்தது. அறுநூறு ரூபாய்.

ஆரப்பாளையம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் மடியில் இருந்ததைப் பார்த்தார். "என்ன தம்பி இது?" முராதாபாத் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கான்சாகிபு வச்சிருந்தது" என்று வந்துவிட்டது. அறுநூறு ரூபாய் கொடுத்தவனுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா?

பெரியவர் குப்பியை வாங்கி, வாயை விரலால் மூடி, தலைகீழாகச் சாய்த்து, நெம்புகோலை அழுத்தினார். நான் சொல்லித் தரவில்லை.

"ஸ்பிரிங் செத்துப்போச்சே. எங்க தாத்தா துரை கூட உள்ளான் சுடப் போவாரு. அவருக்கிட்ட ஒண்ணு கெடந்துச்சு, செம்பு. டக்குனு மூடும். இம்புட்டுக் கனமும் இருக்காது."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அது இப்ப எங்கய்யா இருக்கு?"

"எங்காத்தா புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்டை விழுந்துருச்சு. பாத்திரக் கடையில எடைக்குப் போட்டு ஒரு சருவச்சட்டி வாங்கிருச்சு."

"சட்டி இருக்கா?"

"இருக்கு."

"பேரு வெட்டியிருக்கா?"

பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வெட்டாம?"