தண்ணீரில் படிக்க என்ன இருக்கிறது?

கேள்வி: என் மகள் கனடா போய் நீர்ப்பிடிப்புப் பகுதி அறிவியல் படிக்கப் போகிறாளாம். தண்ணீரில் படிக்க அப்படி என்னதான் இருக்கிறது?
– ஒரு தாய், மதுரை

பதில்: ஒரு ஏரியையே இரண்டாகப் பிரித்துப் படித்திருக்கிறார்கள், அம்மா! அதுவும் அவள் போகிற கனடாவில்தான். ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் உண்டு. பெயருக்குப் பதில் எண்தான். 226-ஆம் ஏரிக்கு நடுவில் இடுப்புபோல் ஒடுங்கிய இடம். 1973-இல் அங்கே ஒரு திரையைக் கட்டினார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரசும். பாஸ்பரஸ் போன பாதி மட்டும் பாசி படர்ந்து பச்சைப் பசேலென்று ஆனது. ஏரிகளைக் காக்க, பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட்டைச் சலவைத்தூளில் குறைக்கச் சொன்னவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? அந்த ஆய்வை நடத்திய டேவிட் ஷிண்ட்லருக்கு 1991-இல் முதல் ஸ்டாக்ஹோம் நீர் விருது கிடைத்தது.

மண், மழை, வேதியியல், சட்டம் எல்லாம் கலந்த அருமையான படிப்பு. கணக்கை மட்டும் கைவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். முழங்கால் சேற்றில் இறங்கவும் தயங்கக் கூடாது. தாராளமாக அனுப்புங்கள்!