ஆவடியில் ஏறினால் வேலூர்

அன்பைப் பற்றிப் பிரசங்கிப்பவர்கள் ஏராளம். செய்து காட்டியவர் யாராவது உண்டா?
— ஓர் ஆவடி வாசகர்

உங்கள் ஊர் வழியாகத்தானே காட்பாடி ரயில் போகிறது, ஏறிப் பாருங்களேன்! கையில் எக்ஸ்ரே உறையோடு எத்தனை பேர் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகிறார்கள் தெரியுமா?

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் பிரசவம் பார்க்க, பின்னாளில் அந்த மருத்துவமனையை நிறுவிய கிறிஸ்தவ மிஷனரி குடும்பத்துப் பெண் ஐடா ஸ்கடரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு அப்போது மருத்துவம் தெரியாது. மருத்துவரான அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார். ஆண் தொடக்கூடாது என்று மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பியவர், 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு அதைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியே திறந்துவிட்டார்.

அந்த மூன்று வீட்டாரில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை.