ஐம்பது டாலர் நீதிமானின் விண்ணப்பம்

அமெரிக்க ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்து ஜூரி அலுவலகத்தார் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் எல்லைக்குள் குடியிருந்து வரும் பிரஜை பணிவுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

தாங்கள் அனுப்பிய சம்மன் வந்து சேர்ந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் கோர்ட்டிலிருந்து தபால் வந்தால் நிலத் தகராறாக இருக்கும், இல்லாவிட்டால் செக் பவுன்ஸாக இருக்கும். பேரனைப் பார்க்க நெல்லையிலிருந்து வந்திருக்கும் என் அத்தை உறையைப் பார்த்ததும், "மாப்ள, கோர்ட்டுக்கும் நமக்கும் என்ன சோலி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மஞ்சள் துணியில் ஒரு டாலரை முடிந்து சாமி படத்தடியில் வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, சாதாரணக் குடிமக்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி இந்தியாவில் மறைந்து வெகு காலமாயிற்று. 1959-இல் கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கில் பம்பாய் ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 'குற்றவாளி அல்ல' என்றது. நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தார். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இருக்கவில்லை. ஆக, பிறந்த நாடு எங்களை நம்பவில்லை. தாங்கள் நம்புகிறீர்கள். அந்த நம்பிக்கைக்கு நாளொன்றுக்கு 50 டாலர் என்று விலையும் போட்டிருக்கிறீர்கள். இந்த விண்ணப்பம் அந்த ஐம்பதைப் பற்றியது.

நான் இங்கே வந்து மாட்டிய வழி தங்களுக்குத் தெரிந்ததுதான். 2008-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் தேர்வில் நூறு கேள்விகள். அதில் 49-ஆவது, அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உள்ள பொறுப்பு ஒன்றைச் சொல் என்பது. சரியான விடை இரண்டு: ஃபெடரல் தேர்தலில் வாக்களிப்பது, ஜூரியில் உட்காருவது. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் முதல் விடையைத்தான் மனப்பாடம் செய்தார்கள். ஆனால் முதலாவதைச் சொன்னவனை இரண்டாவது விடுவதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியதும், அங்கிருந்து தங்கள் சட்டம் இன்னமும் 'சக்கரம்' என்றே அழைக்கும் பெயர்க் குவியலுக்குள் போய் விழுந்து, ஒருநாள் குலுக்கலில் மேலே வந்துவிடுகிறோம். லாட்டரியில் இதுவரை ஒரு பைசா விழாத குடும்பம் எங்களுடையது.

படிவத்தை நிரப்பிவிட்டேன். பதினெட்டு வயது ஆயிற்றா, மாவட்டத்தில் ஓராண்டு குடியிருந்தாயா, ஆங்கிலம் எழுதப் படிக்கப் பேச வருமா என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். ராணுவத்தார், போலீஸார், தீயணைப்புத் துறையினர், முழுநேர அரசுப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோர், அவர்களால் நேரடியாக நியமிக்கப்பட்டோர் ஆகியோருக்கு விலக்கு. சட்டத்தை இயற்றுகிறவர்களையும் நடத்துகிறவர்களையும் கழித்தபின் மிச்சம் நாங்கள். இருக்கட்டும், அதிலும் ஒரு நியாயம் உண்டு.

ஐம்பதுக்கு வருகிறேன். 2018-இல் நாற்பதை ஐம்பதாக்கினீர்கள், நன்றி. ஆனால் இதே அரசு 2009 முதல் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். எட்டு மணி நேரத்துக்கு 58. ஆக, ஒரு மனிதன் குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கிறவனுக்கு, உருளைக்கிழங்கு வறுக்கிறவருக்குச் சட்டம் உறுதி செய்த கூலியைவிட எட்டு டாலர் குறைவு. வழக்கு பத்து நாளைத் தாண்டினால், நீதிபதி மனம் வைத்தால், நாளுக்குப் பத்து டாலர் வரை கூட்டித் தரலாமாம். பதினோராம் நாளில் உருளைக்கிழங்குக்காரரை இரண்டு டாலரில் முந்திவிடலாம். மைலுக்கு இவ்வளவு என்று பயணப்படி தருகிறீர்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் ஐம்பதுக்கு வருமான வரி உண்டு. வரிப் படிவத்தில் ஜூரிப் பணத்துக்கென்றே ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். வராவிட்டாலோ ஆயிரம் டாலர் வரை அபராதம், மூன்று நாள் வரை சிறை. சிறைக்குப் போனால் சோறு தங்கள் செலவு. காத்திருப்பு அறையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு என் செலவு. கணக்குத் தெரிந்த எவனும் எந்தப் பக்கம் சாய்வான் என்று தாங்களே சொல்லுங்கள்.

ஒரு ஆறுதல் உண்டு. சிவில் வழக்கில் ஜூரி கேட்கும் உரிமையைத் தரும் ஏழாம் அரசியல் சாசனத் திருத்தம், 20 டாலருக்கு மேற்பட்ட வழக்கு என்று வரம்பு வைக்கிறது. 1791-இல் ஏற்கப்பட்ட அந்த 20 இன்றைக்கும் 20-தான். ஆக, சாசனத்தின் கண்ணில் நான் ஒரு வழக்கைவிட இரண்டரை மடங்கு உசத்தி.

எனக்குப் பிரச்சினை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் கம்பெனி ஜூரி நாட்களுக்குச் சம்பளம் தருகிறது. தரவேண்டும் என்று ஃபெடரல் சட்டம் தனியார் முதலாளிகளைப் பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை. ஜூரிக்குப் போனதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது, அவ்வளவுதான். மணிக் கூலிக்காரர் வேலையைக் காப்பாற்றிக்கொண்டு கூலியை இழக்கலாம். எனவே பாத்திரம் கழுவுகிறவர், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வீடு வீடாகப் போகிறவர், கட்டட வேலைக்காரர் எல்லோரும் 'வருவதால் கஷ்டம்' என்று தங்களுக்கு எழுதிப்போடுகிறார்கள். தாங்களும் இரக்கத்தோடு விட்டுவிடுகிறீர்கள். மிஞ்சுவது யார்? ஓய்வூதியக்காரர்கள், அரசு ஊழியர்கள், லேப்டாப்பும் கையுமாக என்னைப் போன்றவர்கள். பாத்திரம் கழுவுகிறவர் எப்போதாவது கூண்டில் நிற்க நேர்ந்தால், அவருக்குச் சமமானவர்கள் என்று எதிரே உட்காரப்போவது நாங்கள்தான்.

இதைத் தங்கள் உச்ச நீதிமன்றம் 1946-லேயே பார்த்துவிட்டது. ஓடும் ரயிலின் ஜன்னல் வழியே குதித்துவிட்டு, சதர்ன் பசிபிக் ரயில்வே மீது வழக்குப் போட்டார் தீல் என்ற பயணி. குதித்தது யார் தப்பு என்பதை விடுங்கள். வழக்கு நடந்த ஃபெடரல் கோர்ட்டில் ஜூரிப் பட்டியல் போட்டவர்கள் தினக்கூலிக்காரர்களை முதலிலேயே விட்டுவிட்டார்கள் என்பதுதான் விவகாரம். எப்படியும் கஷ்டம் என்று சொல்லிப் போய்விடுவார்கள், எதற்கு வீண் வேலை என்பது அவர்கள் வாதம். உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை. தனி ஒருவரின் கஷ்டத்தைப் பார்த்து விலக்கலாம், வர்க்கத்தையே விலக்கக் கூடாது என்று சொல்லி, தீலுக்கு எதிரான தீர்ப்பை ரத்து செய்தது. அன்று குமாஸ்தா கையால் அடித்துவிட்ட அதே பெயர்களை, இன்று ஐம்பது டாலர் சத்தமில்லாமல் அடித்துவிடுகிறது. குமாஸ்தாவுக்கும் வேலை மிச்சம், பழியும் இல்லை. 1986-இல் பேட்சன் வழக்கில் நிறம் பார்த்து ஜூரரை நீக்கக் கூடாது என்றார்கள். பர்ஸைப் பார்த்து நீக்கினால் எந்த வக்கீலும் எழுந்து ஆட்சேபிப்பதில்லை. அந்த நேரத்தில் பர்ஸ் மெலிந்தவர் அறையிலேயே இருக்கமாட்டாரே!

மிஞ்சியவர்களையும் சலிக்கிறீர்கள். பெரிய குற்ற வழக்கென்றால் அரசுத் தரப்பு ஆறு பேரையும், எதிர்த்தரப்பு பத்துப் பேரையும் காரணமே சொல்லாமல் அனுப்பிவிடலாம். செய்தி படிக்கிறவன், அபிப்பிராயம் உள்ளவன், முகத்தில் ஏதாவது தெரிகிறவன் எல்லோரும் வீட்டுக்கு. (எங்கள் குடும்பக் கூட்டங்களுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் தேவலை.)

கூலியைக் கூட்டப் பணமில்லை என்று சொல்வீர்கள். ஆனால் ஃபெடரல் குற்ற வழக்குகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான் விசாரணை வரை வருகிறார்கள். பெரும்பாலானவர்கள் அதற்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். அறை நிறைய நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே வழக்கு முடிந்துவிடும். அப்போது ஒரு நீதிபதி வந்து, நீங்கள் வந்து உட்கார்ந்ததால்தான் சமரசம் ஏற்பட்டது, நன்றி என்று சொல்லி அனுப்புவது தங்கள் வழக்கம். சோளக்கொல்லைப் பொம்மைக்கும் இதே பெருமைதான். பொம்மைக்குக்கூட ஒரு சட்டை மாட்டுவார்கள். விசாரணை இவ்வளவு குறைந்திருக்கையில், வருகிற கொஞ்சப் பேருக்கு ஒருநாள் கூலியைக் கொடுத்தால் கஜானா காலியாகிவிடுமா? ஐம்பத்தெட்டு போதும். பேரம் பேசவில்லை, தங்கள் அரசே போட்ட விலையைத்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. ஜூரிக்கு வரவில்லை, உடனே கட்டாவிட்டால் கைது என்று மிரட்டிப் பணம் கேட்கும் போன் வந்தால் நம்பாதீர்கள், அது மோசடி என்று எச்சரித்திருக்கிறீர்கள். மெத்தச் சரி. ஆனால் இந்த விஷயத்தில் என்னோடு மனிதக் குரலில் பேசியவர் இதுவரை அந்த மோசடிக்காரர் ஒருவர்தான். தங்கள் எண்ணில், நாளை வரவேண்டுமா என்பதை மாலையில் ஒரு பதிவுக் குரல் சொல்கிறது.

என் வருகையை இதன்மூலம் உறுதி செய்கிறேன். அதே வாரம் எங்கள் ஊர் உணவகத்துத் தோசை மாஸ்டருக்கும் தங்கள் சம்மன் வந்தது. அவரும் குடிமகன், அவரும் 49-ஆவது கேள்விக்குப் பதில் சொன்னவர். அவருடைய கஷ்டக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தது நான்தான். மறு தபாலிலேயே விலக்குக் கொடுத்துவிட்டீர்கள். இந்த விண்ணப்பத்துக்கும் அதே வேகத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிந்த,
எண்ணால் மட்டும் அறியப்படும் ஜூரர்.